எண்ணெய் செல்லும் வழி

மோட்டார் வண்டியைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதன் யந்திரத்தின் வலிமையையே வியந்து பேசுவர். அவ்யந்திரத்திற்கு உணவாகிய எண்ணெய் எவ்வழியாய் அதனை அடைகின்றது என வினவுவோர் மிகச் சிலரே. தொண்டை அடைபட்டவனுக்குத் தோள்வலிமை இருந்தும் பயன் யாது? பழைய யந்திரத்தை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்த விரும்புவோர் இதனை முதற்கண் எண்ணுதல் வேண்டும். யாம் இதனை நூலிற் கற்றிலேம். தருமபுரி மாவட்டத்து மலைப்பாதையொன்றிற் கற்றோம்.

அரூருக்கு அப்பால் சித்தேரி மலை உளது. மலையாளி என வழங்கப்பெறும் மலைவாழ் மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைத்து அங்கு வாழ்கின்றனர். 1990-களின் நடுவில் எமது தாய்மாமனார் பழைய ஜீப் ஒன்றை வைத்து, அம்மலையூர்களுக்கும் அரூருக்கும் இடையே ஆட்களையும் புளி மூட்டைகளையும் ஏற்றிச் செலுத்தி வந்தார். அது பெட்ரோல் யந்திரம். ஈட்டிய பணம் பெட்ரோலுக்கே சரியாயிற்று. 1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தமையால் உலகச் சந்தையில் விலை சில திங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதன்பின் நம் நாட்டில் ஜீப் வைத்திருந்தோர் பலர் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றி டீசல் யந்திரம் பூட்டிக்கொண்டனர். மாமாவும் அவ்வாறே செய்யத் துணிந்தார். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் இசைவு பெற்று, பட்டறை ஒன்றில் வேலையை ஒப்புவித்தார். இருக்கையடியில் இருந்த தொட்டி துருவேறியமையால், வண்டியின் பின்சட்டத்தில் வேறொரு தொட்டியும் அமைக்கப்பட்டது.

சமவெளியில் வண்டி குறைவின்றி ஓடிற்று. மலையிலோ செங்குத்தான ஏற்றங்களில் திடீரென இருமி நின்றுவிடும். ஒரு நாள் இரவு, பேறுகால நோவுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு அரூர் நோக்கி வந்தோம். இடையிலிருந்த ஏற்றங்களில் வண்டி மும்முறை நின்றது. ஒவ்வொரு முறையும் கைப்பம்பை அழுத்தி, வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, நுரைத்த எண்ணெயை வெளியேற்றிய பின்னரே யந்திரம் உயிர் பெற்றது. அப்பெண்ணின் தாயார் ஒன்றும் கூறிலர். விளக்கொளியில் எமது கைகளையே நோக்கியிருந்தார். மருத்துவமனையை அடைந்தபின் குழந்தை நலமே பிறந்தது. ஆயினும் அப்பார்வை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மறுநாள் முதிய மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். குழாய்களின் அடியில் விரலால் தடவிப் பார்த்தோம். ஒரு துளி ஈரமும் இல்லை. "ஒழுகல் எங்கும் இல்லையே, ஐயா" என்றோம். அவர் நகைத்து, "தம்பி, எண்ணெய் வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே போனால் தெரியுமா?" என்றார். பம்பு யந்திரத்தின் அருகில் உளது, தொட்டியோ பின்னால். ஆகவே இடையிலுள்ள நீண்ட குழாய் முழுவதும் உறிஞ்சப்படும் குழாயே. அதன் மூட்டில் மயிரிழை அளவு சந்து இருப்பினும் எண்ணெய் சொட்டாது, காற்றே நுழையும். ஏற்றத்தில் தொட்டி யந்திரத்தினும் தாழ்ந்துவிடுவதால் பம்பு இன்னும் வலிந்து இழுக்கும். காற்றும் மிகுதியாய்ப் புகும். டீசலோ நூறு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலாக நெருக்கப்பட்டுச் சிலிண்டருள் பீச்சப்படுவது. இடையே காற்றுக் குமிழி இருப்பின் அதுவே அமுங்கி விரியும், எண்ணெய் பீச்சப்படாது.

இவ்வறிவு அவருக்கு எங்ஙனம் வந்தது என வினவினோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்புறம் கரியடுப்புகள் பூட்டப்பட்டன. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தாரும் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து அளித்தனர். அக்காலத்தில் அவர் அடுப்பூதும் சிறுவராய் வேலைக்குச் சேர்ந்தவர். கரிவாயுவையும் யந்திரமே உறிஞ்சுகின்றது. குழாய் மூட்டில் காற்று புகுந்தால் வாயு வலிவிழக்கும். பஸ் மேட்டில் நிற்கும். மூட்டுதோறும் களிமண் பூசித் திரிந்த கைகள், ஐம்பதாண்டு கழித்து எமது வண்டியின் நோயை நொடியில் அறிந்தன.

அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை; சுண்ணக்கட்டியால் தரையில் வழியை வரைந்தார். பெட்ரோல் யந்திரத்திற்குப் போகும் வழி ஒன்றே போதியதாயிருந்தது; டீசலுக்கோ மீளும் வழியும் வேண்டும். பீச்சு முனைகளில் கசிந்து எஞ்சும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்புதல் வேண்டும். அது வெப்பமும் நுரையும் உடையதாகலின், உறிஞ்சும் வாயினின்றும் விலகி விழச் செய்தார். போகும் குழாய்க்கு எட்டு மில்லிமீட்டரும் மீளும் குழாய்க்கு ஆறு மில்லிமீட்டரும் கொண்டார். செப்புக் குழாய் வளைக்க எளிதெனினும் ஓயாத அதிர்வால் இறுகி வெடிக்கும். நாகம் பூசிய குழாய் டீசலுக்கு ஆகாது. ஆகவே எஃகுக் குழாயையே தேர்ந்தார். அதனைச் சட்டத்தின் உட்புறமாக, சூடேறும் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் செலுத்தி, அடிக்கொரு பிடி இட்டார். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் செருகினார். யந்திரம் அசையும், சட்டம் அசையாது. ஆதலின் அவ்விரண்டிற்கும் இடையே மட்டும் எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர் குழாய் வைத்தார். மூட்டுகளை இயன்றவரை குறைத்தார். செப்பு வாஷர்கள் யாவும் புதியன. தொட்டியையும் கழுவி, அதன் மூச்சுத் துளையில் அடைப்பு இன்மையைக் கண்டார்.

முடிவில், பம்பிற்கு முன்னே ஒரு சாண் அளவு ஒளி ஊடுருவும் குழாயை இணைத்து யந்திரத்தை ஓட்டினார். முதலில் குமிழிகள் முத்துக்கோவைபோல் ஓடின, பின்பு அருகின, பின்பு அறவே நின்றன. அதன்பின் அத்துண்டை நீக்கி, உரிய குழாயைப் பூட்டினார். அவ்வார இறுதியில் பன்னிரண்டு மூட்டைப் புளியுடன் அதே ஏற்றங்களை வண்டி ஒரு முறையும் நில்லாது கடந்தது.

அன்பர்காள்! வெளியே சொட்டும் குறையை வழிப்போக்கனும் சுட்டிக் காட்டுவான். நாமும் உடனே திருத்துவோம். உள்ளே காற்றை வாங்கும் குறையோ சமவெளியில் மறைந்திருந்து, ஏற்றத்தில், அதுவும் பிறர் உயிர் நம்மை நம்பியிருக்கும் வேளையில் வெளிப்படும். ஆகலின் வலிய யந்திரத்தை வாங்குமுன், அதற்கு உணவு செல்லும் வழியையும் எஞ்சியது மீளும் வழியையும் தரையில் வரைந்து பார்த்தல் நன்று. சுண்ணக்கட்டிக்கு ஆகும் செலவு மிகவும் சிறிது.