இன்சுலின் நோட்டும் பேரன் பிறந்த கதையும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் வருவது சர்க்கரைப் பேச்சுதான். "உங்களுக்கு எவ்வளவு?" "வெறும் வயித்துல நூத்தி நாப்பது." ஏதோ பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிட்டுக்கொள்வோம். நம்முடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. மாத்திரை, நடை, ஒரு வேளை சப்பாத்தி என்று வண்டி ஓடிவிடும்.

என் மகளுக்கு வந்தது முதல் வகை. வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. 1997-ம் வருடம், நாலாங்கிளாஸ். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். ராத்திரி படுக்கை நனைந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் வாந்தியும் மேல்மூச்சுமாகத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். இதற்குப் பாகற்காயும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. அன்று தொடங்கிய ஊசி அவளுக்கு இன்றுவரை ஒரு நாளும் நின்றதில்லை.

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த வகை வந்த பிள்ளைகள் பெரியவர்களாவதே அபூர்வம். அப்புறம் எங்கே கல்யாணம், பிள்ளைப்பேறு? இன்சுலின் வந்த பிறகும் பல வருடம் குழந்தைகள் தங்காமல் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்காவின் பாஸ்டனில் பிரிசில்லா ஒயிட் என்ற பெண் மருத்துவர் இப்படிப்பட்ட கர்ப்பிணிகளைப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 1949-ல் அவர் வகுத்த பட்டியல் வெகுகாலம் உலகம் முழுக்கப் பயன்பட்டது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகளுக்காக.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும் சர்க்கரை வேறு. அதைப் பற்றி நம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா நிறைய உழைத்திருக்கிறார். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ அதற்கான தேசிய விழிப்புணர்வு நாளாகவே வைத்திருக்கிறார்கள். என் மகளுடையது அப்படி வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை.

2014-ல் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்றே விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தோம். அதற்கு முன் இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போனது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, திருச்சியில் குடித்தனம். ஒரு வருடம் கழித்துக் குழந்தை ஆசையோடு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சொன்ன முதல் வார்த்தை, "இப்ப வேண்டாம்."

மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அப்போது அவளுக்கு 8.2. அதை 6.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு வரச் சொன்னார். காரணம் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு எல்லாம் முதல் எட்டு வாரத்துக்குள் உருவாகிவிடுகிறதாம். பல பெண்களுக்குத் தான் உண்டாகியிருப்பது உறுதியாவதற்குள்ளேயே பாதி வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை அதிகமிருந்தால் குறையோடு பிறக்கும் அபாயம் கூடுகிறது. ஆகவே முன்கூட்டியே தயாராக வேண்டும். கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம் எல்லாம் பரிசோதித்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடப் பெரிய அளவில், தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் பாடுபட்டு 6.4-க்குக் கொண்டுவந்தாள். உண்டானதும் என் வீட்டம்மாவும் நானும் திருச்சிக்கே போய்விட்டோம். மாப்பிள்ளைக்கு வாரத்தில் பாதி நாள் இரவு வேலை. அவளைத் தனியே விடுவதற்கில்லை.

சம்பந்தியம்மா நல்ல மனுஷி. ஆனாலும் பயந்தார். "ஒரு நாளைக்கு நாலு ஊசியா? இவ்வளவு போட்டாக் குழந்தைக்கு ஆகுமா? பிரசவம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாமே?" அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, நஞ்சுக்கொடி ஒரு வாசல் மாதிரி. சர்க்கரை அதைத் தாண்டிக் குழந்தைகிட்டப் போயிடும். இன்சுலின் போகாது. இவங்க சர்க்கரை ஏறினா, உள்ளே இருக்கிற பிள்ளை தன் கணையத்தால கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிக்கும். அதுல கொழுத்துப் பெரிசாயிடும். ஊசியால கெடுதி இல்லை, ஊசி இல்லாட்டித்தான் கெடுதி." இந்த விளக்கம் டென்மார்க்கின் பெடர்சன் என்ற மருத்துவருடையது என்று பின்னால் படித்தேன். சம்பந்தியம்மா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுமட்டுமில்லை, மற்றவர்கள் எடுத்தாலும் அவரே பதில் சொன்னார்.

எனக்குக் கிடைத்த உத்தியோகம் நோட்டு எழுதுவது. முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதிய கை. கோடு போட்டு, தேதி, வாரம், வெறும் வயிறு, சாப்பிட்டு ஒரு மணி நேரம், இரவு மூன்று மணி, நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டு இன்சுலின் என்று பத்தி பிரித்தேன். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ். இதுதான் டாக்டரம்மா கொடுத்த இலக்கு. நம் பெஞ்சில் யாராவது இந்த எண்களைச் சொன்னால் சிரிப்போம். அவளுக்கு அது தினசரிப் பரீட்சை, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை விரலில் குத்தி.

கர்ப்பம் என்றால் சர்க்கரை ஏறும், இன்சுலின் கூடும் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். ஒன்பதாவது வாரம் நேர்மாறாக இறங்கத் தொடங்கியது. முன்பு அவளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 38 யூனிட். அது 30-க்கு வந்துவிட்டது. ஆரம்ப மாதங்களில் இன்சுலினுக்கு உடம்பு அதிகமாகக் கேட்கிறது, கூடவே மசக்கை வாந்தி. சாப்பிடுவதற்கு முன் ஊசி போட்டு, சாப்பிட்டதை அப்படியே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் அந்த வாரங்களில் மட்டும் சாப்பாட்டு ஊசியைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடச் சொன்னார்கள். வாந்தி என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் சேரும், கர்ப்பிணிக்கு அது சர்க்கரை ரொம்ப ஏறாமலே கூட வந்துவிடும், குழந்தைக்கு ஆபத்து.

பதினோராவது வாரம் ஓர் இரவு. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போனேன். விளக்கைப் போட்டால் தலையணை முழுக்க வியர்வை. "அப்பா, பஸ் வந்துடுச்சா?" என்றாள். கண் திறந்துதான் இருந்தது, பார்வை என் மேல் இல்லை. குத்திப் பார்த்தால் 41. வருடக்கணக்கில் இந்த நோய் உள்ளவர்களுக்குக் கை நடுங்குவது, படபடப்பது போன்ற முன்னெச்சரிக்கை மழுங்கிவிடுமாம். தூக்கத்தில் கேட்கவே வேண்டாம். என் வீட்டம்மா தாடையைப் பிடித்துக்கொள்ள, மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். விழுங்கினாள், அதனால் கொடுத்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான். பதினைந்து நிமிடம் அந்தக் கடிகாரம் நகரவே இல்லை. மறுபடி குத்தினால் 74. "ஏம்ப்பா ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். பாலும் நாலு பிஸ்கட்டும் கொடுத்துப் படுக்க வைத்தோம். என் வீட்டம்மா அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போய் அழுதாள். மறுநாள் ராத்திரி இன்சுலினில் நான்கு யூனிட் குறைத்தார்கள்.

பதினாறாவது வாரம் தாண்டியதும் காற்று திசை மாறியது. வாரா வாரம் இரண்டு யூனிட், மூன்று யூனிட் என்று ஏற்றம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. இருபத்தெட்டாவது வாரம் 60. முப்பத்து நான்காவது வாரம் 84. நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு வியாதி முத்திடுச்சா?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். "நஞ்சு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். திடீர்னு மளமளன்னு இறங்கினாத்தான் எனக்குக் கவலை. உடனே வரணும்." முன்பெல்லாம் ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் சாப்பிடுவாள். கடைசி மாதங்களில் அது மெதுவாகத்தான் வேலை செய்தது, அரை மணி காத்திருக்க வேண்டியிருந்தது. பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியைப் பார்ப்பது பெற்றவர்களுக்குச் சுலபமில்லை.

வளைகாப்பு ஏழாம் மாதம். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், வீட்டுப் பெண்களிடம் செல்லவில்லை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். வந்த சுமங்கலிகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும், இருபத்திரண்டு பேர்! என் வீட்டம்மா சாதத்தை முன்கூட்டியே இரண்டு கரண்டி அளந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, காபி ஸ்பூனைக் கையில் கொடுத்து, அதிலிருந்துதான் ஊட்ட விட்டாள். ஓர் உறவுக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "புள்ளத்தாச்சிக்கு அளந்தா போடுவாங்க? ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்." சம்பந்தியம்மாதான் பதில் சொன்னார்: "ரெண்டு உசுருக்காகத்தான் அளக்கிறோம்." மகள் உள்ளறைக்குப் போய், கை நிறைய வளையல் குலுங்க ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து 168. இலக்கைத் தாண்டியதுதான். நோட்டில் அந்தக் கட்டத்தில் 'வளைகாப்பு' என்று எழுதி வைத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாவது வாரம் வலி வரவழைத்துப் பிரசவம் என்று முடிவாயிற்று. தானாக வலி வரும்வரை இவர்களைக் காத்திருக்க விடுவதில்லை. ஒரு கையில் குளுக்கோஸ், கூடவே இன்சுலினும் சொட்டுச் சொட்டாக. மணிக்கு மணி சர்க்கரை பார்த்தார்கள். சாயங்காலம் ஆறரைக்குப் பேரன் பிறந்தான், 3.6 கிலோ. அழுதான், நன்றாக அழுதான். ஆனாலும் குதிகாலில் குத்திப் பார்த்துவிட்டு உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். சர்க்கரை 38. தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை கொடி வெட்டியதும் நின்றுபோகும், குழந்தையின் கணையமோ பழைய வேகத்திலேயே இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும். அதனால் வருவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், ஒவ்வொரு தடவையும் குதிகாலில் குத்தல். மறுநாள் காலைக்குள் சரியாகிவிட்டது.

அந்த ராத்திரிதான் இன்னொன்று நடந்தது. பத்து மணிக்கு வார்டில் ஷிப்ட் மாறி வந்த நர்ஸ் பெண், சார்ட்டைப் பார்த்து இரவு இன்சுலினோடு வந்து நின்றாள். பிரசவத்துக்கு முந்தைய அளவு, 34 யூனிட். புதுச் சார்ட் இன்னும் எழுதப்படவில்லை போலிருக்கிறது. மகள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டாள். "சிஸ்டர், எவ்வளவு அது? நஞ்சு வெளியே வந்துடுச்சு. இனிமே எனக்கு அவ்வளவு தேவையில்லை." அந்தப் பெண் தயங்கினாள். "டாக்டர் எழுதினதும்மா." "அப்போ டாக்டரைக் கூப்பிடுங்க. அது வரைக்கும் போட விடமாட்டேன்." நான் நோட்டைத் திறந்து காட்டினேன். போன வாரமே டாக்டரம்மா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: பிரசவம் ஆனதும் இரவு 10 மட்டும். நஞ்சு வெளியேறிய சில மணி நேரத்தில் தேவை சடாரென்று விழுந்துவிடும், கர்ப்பத்துக்கு முன்பிருந்ததற்கும் கீழேகூடப் போகும். அந்த 34 உள்ளே போயிருந்தால் அந்த விடியற்காலை எப்படி விடிந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றும் தைரியமில்லை. போனில் கேட்டுவிட்டு வந்து பத்து யூனிட் போட்டாள். பாவம், சின்னப் பெண். கை நடுங்கியது. வீட்டில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால், பிரசவத்துக்குப் பிந்தைய அளவை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு மொத்தம் 24 யூனிட்தான். தாய்ப்பால் கொடுத்தால் சர்க்கரை இறங்கும். அதனால் ராத்திரி பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் பாலும் பிஸ்கட்டும் வைத்துவிடுவாள் என் வீட்டம்மா. மாப்பிள்ளை வேலை முடிந்து விடியற்காலை வந்து அந்தப் பிஸ்கட்டில் மீதியைச் சாப்பிடுவார்.

2021-ல் பேத்தி பிறந்தாள். அதற்குள் கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டது. ராத்திரி சர்க்கரை இறங்கினால் மகளின் போன் கத்துகிறது. இப்படித் தொடர்ந்து கண்காணித்தால் முதல் வகை உள்ள கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு நல்லது என்று 2017-ல் லான்செட் பத்திரிகையில் ஆராய்ச்சியே வந்ததாம். விலைதான் கை கடிக்கிறது. ஒன்று இரண்டு வாரம்தான் தாங்கும், பிறகு புதிது வாங்க வேண்டும். இருந்தாலும் நோட்டு எழுத வேண்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கப்பா, போன் கெட்டுப்போனா?" என்றாள். ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன்.