இடுக்கியால் பறிக்கும் கீரை

நேப்பாளத்தில் காந்த்ருக் மலைக்கிராமம். தங்கிய வீட்டின் அம்மா, கொல்லையோரச் சிஸ்னுவை மூங்கில் இடுக்கியால் பறித்தார். நம்மூர் ஜெலாத்தாங்கின் உறவு. இடுக்கி எதற்கென்று விரலை நீட்டினேன். சாயங்காலம்வரை எரிச்சல்!

விதைக்கத் தேவையில்லை. வேர் இருந்தால் போதும், எருக்குழி அருகே தானே பரவும். பூக்குமுன் நுனித்தளிரை மட்டும் பறிக்க வேண்டும். கொதிநீரில் சுணை அடங்கிவிடும். அரிசி நொய், பூண்டு, திமூர் மிளகு சேர்த்துக் கடைந்தால் பச்சைக் கஞ்சி.

“ஏழைச் சாப்பாடு” என்று பரிமாறத் தயங்கினார். மகன் ஜொகூரில் காவலாளி. நானும் ஜொகூர் என்றதும் கிண்ணம் மறுபடி நிறைந்தது. வானொலிக்காரி சும்மா இருப்பேனா? கடையும் சத்தத்தைப் பதிந்து மகனுக்கு அனுப்பினோம்.

உடனே பதில்: “அம்மா, உப்புப் போட்டாயா?”