வேங்கைப் பாலும் அவரை இலையும்

கோத்தகிரி ஜான்ஸ்டன் ஸ்குவேரில் பேருந்தை விட்டு இறங்கித் தேநீருக்காக நின்ற சிறிது நேரத்தில், என்னுடன் வந்திருந்த ஓவியக் கல்லூரி மாணவர் இருவரும் தத்தம் பைகளைத் திறந்து தூரிகைகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். இறுதியாண்டுக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஐந்து சித்திரங்கள் வேண்டுமாம். ‘மரபும் நினைவும்’ என்பது அவர்களுடைய ஆசிரியர் கொடுத்த விஷயமாம். அந்தப் பெண்ணுக்குத் தன் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியும், பையனுக்குத் தன் ஊர்த் தேரின் சக்கரமும் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. பாறைச் சித்திரங்களைத் தங்கள் முன்னோர் எழுதியவை என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் வரைந்துவரும் ஜனங்கள் நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறார்கள், ஒருநாள் வந்து பாருங்கள் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதன் விளைவே இந்தப் பிரயாணம்.

நீலகிரி என்றதும் குளிரும் தோடர் எருமையும் தேயிலையுமே மனத்தில் தோன்றுவது வெளியூராரின் வழக்கம். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1906-ஆம் ஆண்டில் தோடரைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்ட நாள்முதல், மலை ஏறிய பண்டிதர்களில் பெரும்பாலோர் உச்சிப் புல்வெளிக்கே நேரே போய்ச் சேர்ந்தனர். நான் சொன்ன அந்த ஜனங்களான ஆலுக் குறும்பர் வாழ்வதோ அதற்குக் கீழே, தேயிலை முடிந்து பலா தொடங்குகின்ற, வெப்பமும் புழுக்கமும் மிகுந்த சரிவுகளில். அவர்களை மந்திரவாதிகள் என்று மற்றவர்கள் அஞ்சினர். அஞ்சிக்கொண்டே, படகர் தங்கள் வயலில் முதல் விதையை இடுவதற்குக் குறும்பரைத்தான் அழைத்தனர். பயிருக்கு நோய் வந்தாலும் மாட்டுக்கு நோய் வந்தாலும் பழி மட்டும் குறும்பர்மீதே விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அச்சம் கொலைகளாகவும் முடிந்திருக்கிறது. நாங்கள் தேடிச் சென்ற பெரியவர் இதையெல்லாம் பேச விரும்பவில்லை. ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. வெள்ளரிக்கொம்பைப் பக்கம் என்று சொன்னால் போதும்.

வெள்ளரிக்கொம்பைக்கு அருகில் ‘எழுத்துப் பாறை’ என்று குறும்பர் வழங்கும் இடத்தில் பழமையான சித்திரங்கள் இருக்கின்றன. கீழ்க்கோத்தகிரிக் காட்டில் கரிக்கியூர்ப் பாறையிலும் உண்டு. அங்கே போய்வந்த உல்லாசப் பயணிகள் தம் பெயரையும் காதலியின் பெயரையும் அவற்றின்மேலேயே கிறுக்கி வைத்திருக்கிறார்கள். (எழுத்துப் பாறை என்ற பெயரை அவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள் போலும்.) பாறையில் கண்ட உருவங்களையும் தம் வாழ்வில் கண்டவற்றையும் கலந்து, தாளில் வரைந்து வெளியுலகுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர், கிட்ணா என்று அழைக்கப்பட்ட ஆர். கிருஷ்ணன். இன்று அவர் இல்லை. அவருக்கு முன்பு இக்கலைக்குத் தாள் என்பதே கிடையாது. கோயிற் சுவரும் வீட்டுச் சுவரும்தாம். பூசாரிக் குடும்பத்து ஆண்கள் திருவிழாவை ஒட்டிச் சுவரில் உருவங்களை எழுதுவார்கள். பெண்கள் வாசலையும் சாளரத்தையும் சுற்றிக் கரை எழுதி, வாயிலில் கோலமிடுவார்கள்.

நாங்கள் போனபோது பெரியவர் திண்ணையில் ஒரு கல்லைக் குறுக்கே போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். பக்கத்தில் நான்கு கொட்டாங்கச்சிகள். ஒன்றில் செம்மண் குழம்பு, ஒன்றில் வெண்மண், ஒன்றில் கரி, நான்காவதில் கரும்பழுப்பாக உறைந்து, பாகு வெல்லம் போல் விளிம்பில் பளபளத்த ஒரு பொருள். மாணவி அதை விரலால் தொட்டாள். “வேங்கைப் பால், அம்மணி. துணியில பட்டா போகாது” என்றார் பெரியவர்.

எனக்கு அந்தக் கணத்தில் என் பாட்டியின் ஞாபகம் வந்தது. வேங்கை மரத்துப் பட்டையைக் கீறினால் இரத்தம் போல் கசிந்து இறுகும் அந்தப் பாலைக் கொட்டாங்கச்சியில் உறையவைத்து, வேண்டும்போது ஒரு சொட்டு நீர் விட்டு உரைத்து, குழந்தைகளின் நெற்றியில் திருஷ்டிப் பொட்டாக இடுவாள். எத்தனை முறை கழுவினாலும் இரண்டு மூன்று நாள் அது அசையாது. சமவெளியில் நாங்கள் பிள்ளையின் நெற்றியில் வைத்ததை இவர் யானையின் முதுகிலும் தேனடையிலும் வைக்கிறார். நீரை மிகுத்தால் மஞ்சள் கலந்த பழுப்பு, குறைத்தால் இருண்ட செம்பழுப்பு. ஒரே பாலிலிருந்து அவர் மூன்று நிறங்களைப் பிரித்து எடுத்ததை நான் பார்த்தேன்.

பச்சைக்குக் கொட்டாங்கச்சி இல்லை. வீட்டுப் பின்புறம் படர்ந்திருந்த காட்டவரைக் கொடியிலிருந்து இரண்டு இலைகளைக் கிள்ளி வந்து, மடித்து, தாளின்மேல் நேரடியாகத் தேய்த்தார். இலை நைந்து அதன் சாறு மலையாயிற்று. தூரிகையும் இல்லை. நுனி கருகிய ஒரு புல்தண்டு, வாயில் மென்று நார் பிரித்த ஒரு குச்சி, ஒரு துணித் துண்டு, அவ்வளவே. மாணவர் இருவரும் காலையில் எண்ணிப் பார்த்த பதினான்கு தூரிகைகளும் பையிலேயே இருந்தன. அவற்றை வெளியே எடுக்க இருவருக்கும் கூச்சமாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அவர் அன்று எழுதியது தேன் எடுக்கும் காட்சி. முதலில் பாறையின் விளிம்பு ஒரு கோடாக வந்தது. பிறகு அதன் அடியில், மலைத்தேனீயின் அடைகள் பிறைபிறையாக. மேலிருந்து கீழே தொங்கும் கொடியேணிக்கு இரண்டு கோடுகள், குறுக்கே சிறுசிறு கோடுகள். ஏணியில் ஓர் ஆள்: உடலுக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு புள்ளி, முகம் இல்லை, கண் இல்லை. ஆயினும் அவனுடைய இடது முழங்கால் ஏணியை எப்படி அணைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த ஒற்றைக் கோட்டின் வளைவிலேயே தெரிந்தது. கீழே புகை மூட்டுபவர்கள். மேலே, பாறை உச்சியில், கொடி கட்டிய மரத்துக்கு அருகில் இன்னும் ஓர் ஆள்.

“அது யாருங்க தாத்தா?” என்று பையன் கேட்டான்.

“மச்சான்.”

“யாரோட மச்சான்?”

“இறங்கினவனோட மச்சான், தம்பி. பெண்டாட்டியோட கூடப் பிறந்தவன். கொடியை அவன்தான் காக்கணும். அவன் விட்டா தங்கச்சியில்ல தாலியறுப்பா?”

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

பாடத்திட்டத்தில் நினைவு என்பது ஒரு விஷயமாக, வெளியே தேடி எடுத்து வரவேண்டிய பொருளாக இருக்கிறது. 1850-ஆம் ஆண்டில் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்தே நம் ஓவியக் கல்விக்கு இந்தச் சங்கடம் உண்டு. அதே பள்ளிக்குப் பின்னாளில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பிய முறைகளை எல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகு, ஜாதகக் கட்டங்களையும் நம் எழுத்துகளையும் தம் சித்திரத்துக்குள் அழைக்கவேண்டி வந்தது. பெரியவருக்கு அந்தத் தேடல் இல்லை. பாறையில் நிற்பவன் மச்சான் என்பது அவர் சிந்தித்துச் சேர்த்த கருத்தன்று. அவன் இல்லாவிட்டால் ஏணி நிற்காது, அவ்வளவுதான்.

ஆனால் அவரை அப்படியே பழமையில் நிறுத்திவைத்துப் புகழ்வதும் எனக்குச் சம்மதம் இல்லை. மாணவி கேட்ட கேள்வியால் உரையாடல் வேறு திசையில் திரும்பிற்று. அவரை இலையின் பச்சை சில நாட்களில் பழுத்துவிடாதா, அதை நிலைநிறுத்த என்ன சேர்ப்பீர்கள் என்று அவள் கேட்டாள்.

“எதுக்கு நிக்கணும்? சுவத்துல எழுதினப்போ மழை வந்து கரைச்சிடும். அடுத்த வருஷம் மறுபடியும் எழுதுவோம். என் அப்பன் எழுதினதை நான் பார்த்து எழுதல. அவர் எழுதும்போது மண்ணு கரைச்சுக் கொடுத்தேன். இப்போ தாளு. தாளு நிக்குது. ஒரு தடவை எழுதினா போதும்னு ஆயிட்டுது.”

அவர் குறையாகத்தான் சொன்னாரா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அவர் இருப்பது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, சிமெண்டுச் சுவர், நீல வர்ணம் அடித்திருக்கிறது. அதில் செம்மண் ஒட்டாது, உதிர்ந்துவிடும். தாள் வந்திராவிட்டால் இந்தக் கலை பழைய மண்சுவரோடேயே போயிருக்கும். தாள் வந்ததனால்தான் சித்திரத்துக்கு விலையும், மூலையில் போடுவதற்கு ஒரு கையெழுத்தும் வந்தன. அவருடைய மகன் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறார். மழைக்காலத்தில் வேலை குறையும்போது தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடுகிறார். மலைமேல் ஒரு விடுதியின் வரவேற்பறைச் சுவரில் இதே உருவங்களை இயந்திரத்தில் அச்சிட்டு ஒட்டியிருப்பதைத் தாம் பார்த்ததாக அந்த மகன் சொன்னார்; அதில் யார் பெயரும் இல்லையாம். “எங்க அப்பா கோடுதான் சார், எனக்குத் தெரியாதா?” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் குரல் சற்று உயர்ந்தது. சுவரில் எழுதிய காலத்தில் பெயர் வேண்டியிருக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தச் சுவரை யாரும் பெயர்த்துக்கொண்டு போய் விற்கவும் இல்லையே.

உச்சிவேளைக்குப் பிறகு மாணவர்களும் வரைய உட்கார்ந்தனர். பெரியவர் புல்தண்டை மாணவியிடம் கொடுத்தார். பையன் கரியை மிகக் கெட்டியாகக் கரைத்துவிட்டு, அது காய்ந்து பொடியாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை வேங்கைப் பாலில் இரண்டு துளி கலக்கச் சொன்னார், பிடித்துக்கொண்டது. மாணவிக்குக் கோடு நன்றாகவே வந்தது. பயிற்சி பெற்ற கை. பாறையும் அடையும் ஏணியும் பெரியவருடையதைக் காட்டிலும் நேர்த்தியாகவே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. ஏணியில் தொங்கும் ஆளுக்கு அவள் தசைநார்களைக்கூட லேசாகக் காட்டியிருந்தாள்.

ஜீப்காரர் பனி இறங்குமுன் மேலே ஏறிவிட வேண்டும் என்று ஒலிப்பானை அழுத்தத் தொடங்கினார். அவள் தாளைச் சுருட்டப் போனாள். பெரியவர் கையை நீட்டி அதை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தூரத்தில் வைத்தும் பார்த்தார்.

“மச்சான் எங்கே, அம்மணி?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் புல்தண்டைக் கரியில் தோய்த்து, பாறையின் உச்சியில் ஒரு கோடும் ஒரு புள்ளியும் வைத்து, அதிலிருந்து கொடி வரைக்கும் ஒரு கையை நீட்டிவிட்டு, ஈரம் காயும்மட்டும் ஊதிக்கொண்டிருந்தார். ஜீப் காத்திருந்தது.