தோணிபுரத்திலிருந்து பிச்சாவரத்துக்கு

சீர்காழிக்குத் தோணிபுரம் என்றும் ஒரு பெயர். பிரளய வெள்ளத்தில் ஈசனும் அம்மையும் தோணியில் வந்து தங்கிய ஊர் என்பது தலபுராணம். சட்டைநாதர் கோயிலில் படியேறித் தோணியப்பரைத் தரிசித்த கையோடு, லீவுக்கு வந்த பிள்ளைகள் கேட்பது நிஜத் தோணிச் சவாரிதான்! கொள்ளிடம் தாண்டி, சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் போனால் அது கிடைக்கும். துடுப்புப் படகு சுரபுன்னை மரங்களுக்குள் புகுந்துவிட்டால் வெயிலே தெரியாது. தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் வேர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் படகேறுமுன் கொஞ்சம் நில்லுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதரா ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகள், 2 ஆசிரியைகள். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள். பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டே இல்லை.

ஜாக்கெட் கொடுத்தால் மட்டும் போதாது. பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியே உருவிக்கொண்டு போய்விடும். வாரை இழுத்துக் கட்டி, தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு கேளுங்கள். கைக்குழந்தைக்குப் பொருந்துவது இல்லையா, பாட்டியோடு கரையில் இருக்கட்டும். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறுங்கம்மா" என்றால் அடுத்த படகுக்குக் காத்திருப்போமே!

'சொந்தப் பொறுப்பில் பயணம் செய்யவும்' என்ற பலகையைக் கண்டு மலைக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருவதுதான். பலகை மாட்டியதாலேயே படகு விடுபவரின் பொறுப்பு கழன்றுவிடாது. டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் பர்ஸில் வையுங்கள்.

போட்டோவுக்காக எழுந்து நிற்பதும், கொக்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் வேண்டவே வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள். கட்டுசாதம் கரையேறின பிறகுதான்!