விரல் நுனியில் பிறந்த சங்கீதம்

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கியதும் என்னை முதலில் வரவேற்றது ஒரு காளை. பத்து மீட்டர் உயரம், உடம்பெல்லாம் இயந்திரம். 2022-ல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகச் செய்த பொம்மை அது. பிறகு ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'ஆஸி'. இந்த ஊரில் பிறந்த பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் பெயர்! காளைக்குப் பாடகரின் பெயரை வைக்கிற ஊர் சாமானியமான ஊராக இருக்க முடியாது என்று அப்போதே தோன்றிவிட்டது.

பழைய ராக் இசைத்தட்டுகள் மறுபதிப்பாக வந்து குவிகின்றன; அவற்றில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்பது ஆசிரியர் உத்தரவு. "ரிக்கார்டைப் பற்றி எழுத அந்த ஊருக்கே போக வேண்டுமா?" என்று ஆபீசில் கேலி செய்தார்கள். சாப்பாட்டை ருசி பார்க்கிறவன் சமையற்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்கக் கூடாதா, என்ன?

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேலே ஒரு சின்னப் பாலம். அதற்கு 'பிளாக் ஸாபத் பாலம்' என்று பெயர். 2019-ல் அங்கே ஒரு நீண்ட பெஞ்சு போட்டு, நான்கு பேரின் முகங்களைப் பதித்திருக்கிறார்கள். ஆஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட். நால்வரும் பக்கத்திலுள்ள ஆஸ்டன் பேட்டைப் பையன்கள். தொழிற்சாலைப் புகையில் வளர்ந்தவர்கள். ஆஸி கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையில் இருந்தாராம். சங்கீதப் பயிற்சி அங்கேயே ஆரம்பமாகிவிட்டது போலும்!

2025 ஜூலை 5-ஆம் தேதி, அதே ஆஸ்டனில் இருக்கும் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், நால்வரும் கடைசியாக ஒரு கச்சேரி செய்தார்கள். நோயால் நிற்க முடியாத ஆஸி சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். 22-ஆம் தேதி காலமானார். அந்த மாதம் 30-ஆம் தேதி அவருடைய இறுதி ஊர்வலம் இந்தப் பாலத்தில்தான் சற்று நின்றது.

ஆனால், நான் தேடி வந்தது குரலை அல்ல, ஒரு கையை.

அயோமிக்குப் பதினேழு வயது. தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. அதை விட்டுவிட்டு ஒரு கோஷ்டியோடு கிதார் வாசிக்கப் போவதாக ஏற்பாடு. கடைசி நாள், மத்தியானம் சாப்பிட வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. "ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா" என்று தாயார் கண்டிப்பாக அனுப்பி வைத்தார். அன்று வராத ஒருவருக்குப் பதிலாக அவரைப் பிரஸ் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கியது, வலது கையின் இரண்டு நடுவிரல்களின் நுனிகள் போயின. இவரோ இடது கைப் பழக்கமுள்ளவர்! தந்தியை அழுத்துவது வலது கைதானே? "இனி வாசிக்க முடியாது" என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்போது தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து, கேட்கும்படி வற்புறுத்தினார். வேண்டாவெறுப்பாகக் கேட்டார் பையன். அபாரமான கிதார். "இவர் இரண்டே விரலால் வாசிக்கிறார், தெரியுமா?" என்றார் மேலாளர். அது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. 1928-ல் தீயில் வெந்துபோன கையோடு வாசித்தவர் அவர்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, குடைந்து, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டார் அயோமி. விறைப்பான தந்தி வலித்ததால், பான்ஜோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னால், 1971-ல் வந்த மூன்றாவது தட்டில், கிதாரையே மூன்று சுரஸ்தானம் கீழே இறக்கிவிட்டார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த நாதத்துக்கு ஒரு காயமும் காரணம்!

ரிக்கார்டுக் கடைக்கு வருவோம். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். 'பிளாக் ஸாபத்' முதல் தட்டின் 1970-ஆம் வருஷத்துப் பதிப்பையும், புது மறுபதிப்பையும் மேஜை மேல் வைத்தார். பழையதன் விலையைக் கேட்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தொடாவிட்டால் போகிறது. கேளுங்கள்" என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்.

மழை, இடி, தூரத்தில் மணி. பழைய தட்டில் எது மழை, எது கீறல் என்று தெரியவில்லை. புதியதில் மழை சுத்தமாகப் பெய்கிறது. பிறகு கிதாரில் மூன்றே சுரங்கள்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். நம் கல்யாணியில் மங்களகரமாக வீற்றிருக்கும் அதே மத்யமந்தான்; ஐரோப்பாவில் அதற்குப் பிசாசின் சுரம் என்று பெயர்! இங்கே கேட்டபோது எனக்கும் முதுகு சில்லிட்டது.

1969 அக்டோபரில், லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்த தட்டு இது. நால்வரும் ஓர் அறையில் நின்று வாசிப்பது பழையதில் தெரிகிறது. புதியதில் கிதார் ஓர் அடி முன்னால் வந்துவிட்டது. பட்லர் பாவம், பின்னால் ஒதுங்கி நிற்கிறார். தட்டு தடிமனாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். தடிமனில் நாதம் இல்லை. வெட்டுகிற கையில் இருக்கிறது. அதோடு, ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் பாதிக்கும் கீழே குறுகிவிடும். அதனால் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில், அயோமி நெடுநேரம் தனித்து வாசிக்கும் இடத்தில், புதிய தட்டு சற்றுக் கரகரத்தது.

அன்றைய விமர்சகர்கள் பலர் இந்தத் தட்டைக் கிழித்து எறிந்தார்கள். ஜனங்களோ வாங்கித் தள்ளி, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு ஏற்றினார்கள். எங்கள் தொழிலில் இப்படியும் நேர்வதுண்டு.

"எங்கள் அப்பாவும் பிரஸ் ஷாப்பில்தான் இருந்தார்" என்றார் கடைக்காரர், தட்டை உறையில் போட்டுக்கொண்டே. "இடது கட்டை விரல் பாதிதான். இந்தத் தட்டை நான் முதன்முதலில் வீட்டில் போட்டபோது, 'மெஷின் சத்தத்தை வேலையிலும் கேட்டு, வீட்டிலும் கேட்க வேண்டுமா? நிறுத்தடா!' என்று கத்தினார்."

"நிறுத்தினீர்களா?"

"சத்தத்தைக் குறைத்தேன்."

புதியதையே வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கலாம், முதல் பக்கத்துக்கு மட்டுமே கொடுத்த காசு தகும். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு அமெரிக்கக் கோஷ்டி ஒன்றிடமிருந்து கடன் வாங்கியது. அதைத் தாண்டி ஊசியை வையுங்கள்.