மெட்டு இழந்த பாட்டு

1961-ஆம் ஆண்டில் யான் இக்கல்லூரியிற் புகுமுக வகுப்பு வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டு விழாவிற்கு முத்துத்தாண்டவர் கீர்த்தனமொன்றைப் பாடுமாறு தமிழாசிரியர் பணித்தார். அதுகாறும் அப்பெயரை யான் கேட்டதில்லை. அது எனக்கு மட்டும் உரிய குறையன்று. என் தோழரிற் பலரும் சங்கீதமென்பது திருவாரூர் மூவரோடு தொடங்கி அவரோடே முடிவதென்று எண்ணியிருந்தனர்.

முத்துத்தாண்டவர் சீகாழியிற் பிறந்தவர். அம்மூவருக்கும் நெடுங்காலம் முந்தியவர். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களோடு தமிழிற் கீர்த்தனம் செய்தாருள் முன்னோடியாகப் போற்றப்படுபவர். தில்லைக் கோயிலில் முதற்கண் செவியில் விழுந்த சொல்லையே தொடக்கமாகக் கொண்டு அன்றன்று ஒரு பாட்டுப் பாடினார் என்பது கர்ணபரம்பரை. இன்று எஞ்சியவை ஏறக்குறைய 60 கீர்த்தனங்களும் 25 பதங்களுமே. அவற்றுள்ளும் சொல் எஞ்சிய அளவிற்கு இசை எஞ்சவில்லை. ஆடல் மகளிரும் நட்டுவனார்களும் காத்தமையாற் பதங்கள் சில பிழைத்தன. ஏனையவற்றின் பழைய வர்ணமெட்டு, பாடினார் வாயோடு மறைந்தது.

1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் வித்துவான்களைக் கொண்டு இத்தகைய பாடல்களுக்கு மெட்டமைத்து, ஸ்வரப்படுத்தி அச்சிட்டனர். அவ்வகை நூலொன்றையே ஆசிரியர் என் கையிற் கொடுத்தார்.

விடுமுறையில் ஊர்த் திண்ணையில் அமர்ந்து அதனைப் பயின்றேன். உள்ளே முறத்திற் புளி ஆய்ந்துகொண்டிருந்த என் தந்தையாரின் அத்தை வெளியே வந்து, "தம்பி, சொல் அதுதான், பாட்டு அதுவல்லவே!" என்றார்.

எனக்குச் சினம் உண்டாயிற்று. அச்சிட்ட நூல் பிழையாகுமோ? எழுத்தறியாத கிழவியாருக்கு இதிலென்ன உரிமை? (பதினேழு வயதின் அறிவு அவ்வளவே.) அவர் வாதாடவில்லை, சுவரிற் சாய்ந்து பாடினார். பல்லவி வந்தது; அநுபல்லவியும் வந்தது. இராகமே வேறு, நடை மிக மெதுவானது. ஓரிடத்தில் ஒரே எழுத்தைப் பற்றிக்கொண்டு குரல் மேலே சென்று தயங்கித் திரும்பியது. சரணத்தில் நினைவு தவறிற்று. "அம்மா பாடுவாள், எனக்கு இவ்வளவுதான்" என்று மீண்டும் முறத்தண்டை சென்றுவிட்டார்.

அன்றிரவு ஆர்மோனியத்தில் தேடினேன். அந்தத் தயக்கம் அதன் கட்டைகளில் அகப்படவில்லை. இசையறிந்த நண்பனொருவனைத் தைப்பொங்கலுக்கு அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்றேன். கார்த்திகையில் அவர் காலமானார்.

விழாவில் நூலின் மெட்டிலேயே பாடினேன். அவையோர் மகிழ்ந்தனர். அம்மெட்டை யான் குறைகூறமாட்டேன். அது பிறவாதிருப்பின் அப்பாட்டை என் வயதினர் எவரும் வாயெடுத்துப் பாடியிரார். ஆயினும் அதனைப் "பழம்பாட்டு" என்று அறிவித்தபோது மேடையில் என் முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. பாட்டுப் பழையது, மெட்டு என் தந்தையாரினும் இளையது.

அத்தைப் பாட்டியார் பாடிய இரண்டு உறுப்புக்களையும் பின்னர் ஒருவாறு ஸ்வரப்படுத்தி வைத்துள்ளேன். அந்தத் தயக்கம் வருமிடத்தில் மட்டும் எழுத்தில்லை. ஒரு கோடு உண்டு. சீகாழி, சிதம்பரம் பக்கத்து மாணாக்கர் வீட்டில் இப்பாடல்களை முதியோர் எவரேனும் பாடக்கேட்டிருப்பின், நூலோடு ஒத்துப்பாராது, கேட்டபடியே பதிவு செய்து இம்மலரின் ஆசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். தைப்பொங்கல் வரை காத்திருக்க வேண்டா.