மோரா தொடங்கியதும்

கர்நாடகக் கச்சேரியில் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியப் போகிறது என்று யாரும் அறிவிப்பதில்லை. மிருதங்கமும் கஞ்சிராவும் சேர்ந்து மோரா என்ற தாளக்கோவையை வாசிக்கத் தொடங்கியதும் சபைக்குத் தெரிந்துவிடும். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்வார்கள். அடுத்தது கோர்வை என்ற இறுதிக் கணக்கு, மூன்று முறை வரும், மூன்றாவதன் முடிவில் பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்பில் போய் விழும், பாடகர் வரியை எடுப்பார். இத்தனையும் தெரிந்திருந்தும் அது விழும் நொடியில் எனக்கு உடல் சிலிர்க்கிறது. தெரிந்த ஒன்று எப்படி வியப்பாகும்?

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் பாதி விடை இருக்கிறது. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமின் நரம்பணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்கைக் கண்டதுமே துடிக்கின்றன. சாறு வரும்போது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்கிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே மூளை கற்கிறது என்று ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் 1997-இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்கள். அந்த ‘அதே கணம்’தான் என்னைக் கட்டிப்போட்டது. மூளையும் உள்ளுக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

மோராதான் நமக்கு விளக்கு. ஆனால் கோர்வை வரும்போது நாம் சலனமற்று இருப்பதில்லை. போய்ச் சேரும் இடம் தெரியும், வழி தெரியாது. ஐந்தைந்தாக வரும் ‘ததிங்கிணதொம்’ எட்டு எண்ணிக்கைத் தாளத்தோடு ஒட்டாமல் நழுவும். நடுவே விடும் கார்வைகள் என்ற இடைவெளிகள் நம் கணக்கைக் குழப்பும். இடம் தப்பிவிட்டதோ என்று மனம் பதறும்போது மிகச் சரியாக வந்து இறங்கும். தாளத்தைப் பின்தொடராதவருக்கு அந்தப் பதற்றமும் கிடையாது, வியப்பும் கிடையாது.

மேடையில் இருப்பவர்களுக்கு இப்படி எதிர்பார்ப்பதே தொழில். கர்நாடகக் கச்சேரிகளில் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் காம்போதி ராகத்தை விரிக்கும்போது அடுத்த பிடியை ஊகித்தபடியே வயலின்காரர் வில் போடுகிறார். ஊகம் பொய்த்தால் ஒரு ஸ்வரத்தில் நின்று, கேட்டு, அந்தப் புதிய போக்கைப் பிடித்துக்கொள்கிறார். நல்ல பக்கவாத்தியக்காரரை அந்த இடத்தில்தான் அடையாளம் காண்கிறேன்.

தனி தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கணக்கு தெரியாவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் தாளம் போடுகிறவரைப் பார்த்து நீங்களும் போடுங்கள். அடுத்த கச்சேரியில் தனி முடியும்வரை தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.